பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்க நினைப்பவர்களுக்கு: சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்த காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போனேன். இப்போது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப விரும்பாத பெற்றோர் என் வீட்டைத் தேடி வருகிறார்கள். பெங்களூரு, சென்னை வேலையை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு ஏற்காட்டில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். சேலத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி அலுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர்கள், எஸ்டேட் கணக்குப்பிள்ளைகள், டாக்டர்கள் என எல்லோரும் வருகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஆகவே எழுதி வைத்துவிட்டேன். நான் வழக்கறிஞர் அல்ல. கோப்புகளோடு பழகியவள், அவ்வளவுதான்.

வீட்டிலேயே படிக்கவைப்பது சட்டப்படி சரியா, தப்பா டீச்சர்?

சரி என்றும் சட்டம் எழுதவில்லை, தப்பு என்றும் எழுதவில்லை. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி என்றால் அங்கீகாரம் பெற்ற பள்ளி. உங்கள் வீட்டுக் கூடம் அந்தக் கணக்கில் வராது.

அதே சட்டத்தில், இந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று ஒரு வரி கூடக் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்கிறதே தவிர, பள்ளி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. தமிழ்நாட்டுக்கென்று 1994-இல் இயற்றிய கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்றும் இருக்கிறது; வழக்கறிஞரிடம் போகிறவர்கள் அதையும் சேர்த்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அரசே அனுமதித்துவிட்டது என்று மார்தட்டுபவரையும் நம்பாதீர்கள், ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று மிரட்டுபவரையும் நம்பாதீர்கள்.

அனுமதி வாங்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்? படிவம் எங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு படிவமே இல்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் இல்லை, முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் இல்லை, இ-சேவை மையத்திலும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கல்வி அனுமதிச் சான்று எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படிவம் இல்லாதது வசதி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சிக்கல் என்றே படுகிறது. படிவம் இருந்தால் முத்திரை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இல்லாதபோது பிள்ளை படிக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் நீங்களேதான் காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் என் அக்கா கடிதம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் படிக்கவைக்கிறார். இங்கே ஏன் அப்படி இல்லை?

அங்கே அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, 180 நாள் பாடம் நடத்தி, பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து வைத்து, தகுதியான ஒருவரிடம் மதிப்பீடும் வாங்க வேண்டும். டெக்சஸில் யாருக்கும் அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜெர்மனிக்குப் போனால் வீட்டுக்கல்விக்கே இடமில்லை. இங்கே சட்டம் இயற்றியபோது கண்முன் நின்றவர்கள் கல் உடைக்கவும் மாடு மேய்க்கவும் போன பிள்ளைகள். வீட்டில் உட்கார வைத்துப் பாடம் சொல்லும் பெற்றோரை மனத்தில் வைத்து யாரும் எழுதவில்லை.

ஆனாலும் உங்கள் அக்காவின் பழக்கத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பென்சில்வேனியாக்காரர்கள் சேர்த்து வைக்கும் தொகுப்பை யாரும் கேட்காமலேயே இங்கும் சேர்த்து வையுங்கள். எப்படி என்பதைக் கோப்பு பற்றிய கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

என் பிள்ளைக்கு நாலரை வயதுதான். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு அனுப்பாததற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரில் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துப்பிழையைத் தலைமையாசிரியர் கவனித்துச் சொல்லிவிடுவார். உங்களுக்கு அப்படி ஆள் கிடையாது; பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்த வேண்டும். டி.சி. கேட்டால் கொடுக்க மறுக்கிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். டி.சி.யைத் தாமதமின்றித் தர வேண்டியது தலைமையாசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொன்னது; அது இன்றும் நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம், மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

கடிதத்தில் காரணத்தை நேராக எழுதுங்கள். "வெளியூர் செல்கிறோம்" என்று பொய் எழுதும் பழக்கம் இங்கே அதிகம். டி.சி. கொடுத்ததும், பள்ளி மாணவர்களின் விவரம் இருக்கும் எமிஸ் என்ற அரசு இணையத்தில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அடுத்த பள்ளி எதுவும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை என்றால், கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து தேடத் தொடங்குவார்கள். வெளியூர் போனதாக எழுதிய வீட்டில் பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தால், வருகிறவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

பேரை மட்டும் ஒரு பள்ளியில் வைத்துவிட்டு, வீட்டில் படிக்கவைத்தால் என்ன?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. வருகைப் பதிவு இப்போது தினமும் இணையத்தில் ஏறுகிறது. வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறிக்க ஓர் ஆசிரியர் பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யின் சுமை உங்கள் மேல் அல்ல, அவர் மேல்தான் விழும். மாட்டினால் போவதும் அவர் வேலைதான். என்னிடம் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: உள்ளே இருங்கள், அல்லது வெளியே வாருங்கள்.

கணக்கெடுக்க வந்தால் என்ன சொல்வது? கதவைத் திறக்காமல் இருந்துவிடலாமா?

தாராளமாகத் திறங்கள். ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வருகிறவர் போலீஸ்காரர் அல்ல. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், இப்படித்தான் இருப்பார்கள். பஸ் இல்லாத மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்திருப்பார்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள்.

அவர்கள் கையில் இருக்கும் படிவத்தின் கோலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். என் காலத்துப் படிவத்தில் பிள்ளை பள்ளிக்கு வராததற்கான காரணங்கள் வரிசையாக இருக்கும்: குடும்பம் இடம்பெயர்ந்தது, வேலைக்குப் போகிறது, நோய், மாற்றுத்திறன், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் படிக்கிறது என்று ஒரு கட்டம் இல்லை. வாழவந்திப் பக்கம் ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஐம்பது கிலோ பச்சை மிளகு காய்ந்தால் எத்தனை கிலோ வரும் என்று ஒரு வாரம் தினமும் தராசில் நிறுத்து எழுதி, கடைசியில் பதினேழுக்குக் கொஞ்சம் குறைவு என்று முடித்து, விழுக்காடும் போட்டிருந்தான். வாசலில் விரித்த தார்ப்பாயில் அதே மிளகு கிடந்தது. நான் "பெற்றோர் வீட்டில் கற்பிக்கின்றனர், கற்றல் நிலை நன்று" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லா ஆசிரியரும் அப்படி எழுதிவிட மாட்டார்கள். "உடனே பள்ளியில் சேருங்கள்" என்றும் சொல்வார்கள். அப்படிச் சொல்வது அவர்கள் கடமை. வாதாடாதீர்கள். பெயர், வயது, என்ன படிக்கிறது, எந்தத் தேர்வுக்குத் தயாராகிறது என்று சொல்லி, கோப்பைக் காட்டி, வந்தவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

பள்ளியில் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதில்லை. யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துப் புகார் சொன்னால் அலுவலர்கள் வந்து விசாரிப்பார்கள். அவர்கள் பார்ப்பது வேறு: பிள்ளை வேலைக்குப் போகிறதா, அடிபடுகிறதா, பட்டினி கிடக்கிறதா, பெண்பிள்ளைக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறதா. இதில் எதுவும் இல்லாத வீடு பயப்பட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தாருக்குப் பிள்ளையின் முகம் தெரிந்திருப்பது நல்லது. வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான் புகார் போகும்.

கோப்பு, கோப்பு என்கிறீர்களே, அதில் என்னதான் வைப்பது?

கடையில் கிடைக்கும் சாதாரண நாடாக் கோப்பு போதும், ஆண்டுக்கு ஒன்று. பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் டி.சி., அனுப்பிய கடிதங்களின் தபால் ரசீது ஆகியவை முதலில். பின்னால் மாதத்துக்கு ஒரு பக்கம்: எந்தப் பாடத்தில் எதுவரை வந்தோம், என்ன புத்தகம் படித்தது, எங்கே போனது. அதற்கும் பின்னால் பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் மூன்று நான்கு தாள்கள், தேதியோடு. ஜூன் மாதத்துக் கட்டுரையையும் மார்ச் மாதத்துக் கட்டுரையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் விளக்கம் தேவைப்படாது.

அச்சடித்த பயிற்சித் தாள்களை அடுக்கி வைக்காதீர்கள். நூறு தாள் இருந்தாலும், அவை அம்மா வாங்கிய தாள்கள் என்பது ஆசிரியராக இருந்த எவருக்கும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். புகைப்படமும் அளவோடு போதும். நிகழ்ச்சி ஆல்பம் போல ஆகிவிட்டால் நடுவில் இருக்கும் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

இல்லம் தேடிக் கல்வி என்று அரசே கொண்டுவந்ததே, அதில் சேர்ந்தால் போதாதா?

போதாது. கொரோனா காலக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021-இல் தொடங்கிய திட்டம் அது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கு மாற்று அல்ல.

சமச்சீர்ப் பாடத்தைத்தான் நடத்த வேண்டுமா? தமிழ் கட்டாயமா?

பாடத்திட்டக் கட்டுப்பாடு பள்ளிகளுக்குத்தான். 2006-இல் வந்த தமிழ் கற்கும் சட்டமும் பள்ளிகளைப் பார்த்து எழுதியதுதான். வீட்டில் நீங்கள் எதை வேண்டுமானாலும் நடத்தலாம்.

ஆனால் இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மலைக்குக் குடிவந்த சில வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அருவியாகப் படிக்கின்றன, அடிவாரம் போகும் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தடுமாறுகின்றன. மாநிலத் தேர்வு வழியில் போக நினைத்தால் முதல் தாளே தமிழ்தான். பிற்காலத்தில் டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தாலும், பத்தாம் வகுப்புத் தரத்தில் கட்டாயத் தமிழ்த் தாள் இருக்கிறது. மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைந்தது தமிழையும் கணக்கையும் அவற்றோடு ஒட்டி நடத்துங்கள். திடீரென்று பள்ளிக்குத் திரும்ப வேண்டி வந்தாலும் அப்போது தடுமாற்றம் இருக்காது.

சான்றிதழ் எப்போதிலிருந்து வேண்டும்? எட்டாம் வகுப்புக்கு என்ன செய்வது?

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பொதுத்தேர்வும் எழுதத் தேவையில்லை. அதன்பின் ஒரு சான்று கையில் இருப்பது நல்லது. பள்ளி வழியாக இல்லாமல் தனியாக எழுத, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, அதாவது இ.எஸ்.எல்.சி., இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிக்கே போகாத பிள்ளை பிறப்புச் சான்றிதழை வைத்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு நாளிதழில் சிறிய பெட்டிச் செய்தியாக வரும், கண்ணில் படாமல் போய்விடும். ஆகவே மாவட்டத்து அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் அவ்வப்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ். நல்லதா, எஸ்.எஸ்.எல்.சி. தனித்தேர்வு நல்லதா?

இரண்டும் செல்லுபடியாகும். போகும் இடத்தைப் பொறுத்தது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 14 வயது நிறைந்தால் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், படிக்கும் தகுதி இருக்கிறது என்ற சுய உறுதிமொழி போதும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழி. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள். தமிழ் வழியிலும் எழுதலாம். கணக்கில் பயம் உள்ள பிள்ளை வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பிறகு பாலிடெக்னிக் கனவு கண்டால் வருத்தப்பட வேண்டிவரும்.

எஸ்.எஸ்.எல்.சி. தனித்தேர்வில் இந்தத் தளர்வு கிடையாது. பதினான்கரை வயது, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்து பாடமும் கட்டாயம். இதில் பலர் வழுக்கி விழும் இடம் அறிவியல் செய்முறை. தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதம் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் 80 விழுக்காடு வருகை காட்ட வேண்டும். ஏற்காட்டுப் பிள்ளைக்குச் சேலத்தில் பள்ளி ஒதுக்கிவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற வேண்டியதுதான். பிள்ளைக்குப் பஸ்ஸில் வாந்தி வருமா என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பை நேரடியாக எழுத முடியாதா?

முடியாது. அந்த வாரியத்தின் தனித்தேர்வர் வழி, ஏற்கெனவே அதில் எழுதித் தவறியவர்களுக்கும் இன்னும் சில குறிப்பிட்ட பிரிவினருக்கும்தான். கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியங்களில் தனியாக எழுத வழியுண்டு. பாடத்துக்குப் பாடம் கட்டணம் கட்டக் கை தாங்க வேண்டும்.

என்.ஐ.ஓ.எஸ். படித்தால் நீட், ஜே.இ.இ. எழுத விட மாட்டார்கள் என்கிறார்களே?

பழைய செய்தி. 2018-இல் நீட் தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுத்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அவர்களும் எழுதலாம் என்பதை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்திவிட்டது. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்கு, மேல்நிலையில் குறைந்தது ஐந்து பாடம் எழுதியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலைச் சான்றிதழுக்கும் இடையில் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வீட்டில் படித்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள்.

வீட்டில் படிக்கவைத்தால் பிள்ளை எதை இழக்கும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை எங்கே படித்தாய் என்றுதான் கேட்கின்றன. அரசு வேலையில் தமிழ்வழிக் கல்விக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளியில் தமிழ்வழியில் படித்த சான்று வேண்டும். தனித்தேர்வராக எழுதியது அதில் சேராது.

இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு வழி தெரியும். கையில் பெரிய வசதி இல்லாத, பிள்ளை டாக்டராகவோ பொறியாளராகவோ ஆகட்டும் என்று நினைக்கும் குடும்பம், ஐந்தாம் வகுப்பு வரை வீட்டில் வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் 7.5 விழுக்காடு தப்பிக்கும், தமிழ்வழி முன்னுரிமை மட்டும் போகும். ஏழாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இரண்டும் போகும். அந்த ஓராண்டின் விலை என்ன என்று தெரிந்து முடிவெடுங்கள்.

சின்ன இழப்பு ஒன்றும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை, உங்களிடம் கேட்பார்கள். இ-சேவையில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அரசு வேலைக்கு என்றால், சம்பந்தப்பட்ட அறிவிக்கையில் கல்விச் சான்றின் சமநிலை பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதை வரி வரியாகப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

என் மகளுக்குப் பெருமூளை வாதம். அவளுக்கும் இதே சிக்கல்தானா?

இல்லை. உங்களுக்குச் சட்டம் தெளிவாகவே துணை நிற்கிறது. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தே கல்வி பெறும் உரிமையைச் சேர்த்தார்கள். பக்கத்துப் பள்ளியில் பெயர் இருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு வட்டார வள மையத்துக்குப் போங்கள். வருகிறவர்கள் வரத் தவறினால் விடாமல் கேளுங்கள். மலைக் கிராமம் என்றால் கொஞ்சம் அதிகமாகவே கேட்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளி இல்லை. தூரம் என்று பிள்ளையை நிறுத்தினால் அதுவும் வீட்டுக்கல்விதானே?

இல்லை, அது இடைநிற்றல். ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் படிக்க மலைவாழ் மக்களுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. காப்பி பறிக்கும் பருவத்தில் நின்ற பிள்ளையை வீட்டில் படிக்கிறது என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. பையன் படித்துக்கொண்டே தொழிலும் பழகினால் என்ன தப்பு?

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் இந்தக் கேள்வி வராத தெரு இல்லை. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குள் எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் மட்டும், அபாயமில்லாத வேலையில் மட்டும். பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் முடிவது எப்போது? அலுவலர் இதைத்தான் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது.

பற்றவைப்பு நெருப்பும், மெருகேற்றும் அமிலமும் இருக்கும் இடத்தில் பையன் உட்கார்ந்திருந்தால், எத்தனை கோப்பு வைத்திருந்தாலும் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. பட்டறை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு என் யோசனை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதுதான். தொழிலைப் பதினெட்டுக்குப் பிறகு பழகினாலும் கை படியும்.

நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓர் ஆசிரியரையும் வைத்துக்கொள்ளலாமா?

நிதானம். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முதல் பதிலில் பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்றேன். பள்ளி நடத்துபவருக்கு அது பொருந்தாது. வாரத்தில் ஓரிரு நாள் பிள்ளைகள் கூடிப் படிப்பது, விளையாடுவது வேறு. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, வகுப்பு வாரியாக, கட்டணம் வாங்கி, வாசலில் ஒரு பெயரும் எழுதி வைத்துவிட்டால் அது பள்ளிதான். ஏற்காட்டில் வாடகை வீட்டுக்காரரே முதலில் போய்ச் சொல்லிவிடுவார்.

என் கணவருக்கு இதில் சம்மதம் இல்லை. நான் மட்டும் முடிவெடுக்கலாமா?

சேர்ந்து வாழும்போது இது வீட்டுச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிரிந்து வாழ்கிறீர்கள், வழக்கு நடக்கிறது என்றால் கவனம் தேவை. பிள்ளையின் நலன் எதில் என்பதுதான் குடும்ப நீதிமன்றத்தின் அளவுகோல். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்த எடுப்பில் 10-ஆம் பிரிவைத்தான் வாசிப்பார். வழக்கு முடியும் வரை பிள்ளை பள்ளியில் இருப்பதே உங்களுக்கு நல்லது.

எல்லாம் செய்துவிட்டோம். இப்போது மகளே பள்ளிக்குப் போகிறேன் என்கிறாள். ஆண்டின் நடுவில் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். 14 வயது வரை, ஆண்டின் எந்த நாளில் போனாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. 4-ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குத்தான் இ.எஸ்.எல்.சி. எழுதி வைக்கச் சொன்னேன்.

அவள் ஏன் கேட்கிறாள் என்று ஆராய்ந்துகொண்டே மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போங்கள். பதினொரு மணிக்குள் போய்விட்டால், எமிஸில் பெயர் ஏற்றி முடிப்பதற்குள் சத்துணவு மணி அடித்துவிடும். முதல் நாளே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள்.